பெனால்ட்டி பாக்ஸில் ஒரு குளிர்காலம்

டெக்ஸாஸில், எங்கள் இர்விங்கில் ஜூலை மாதத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் அடுப்பில் கிடக்கும் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். போன வாரம் அப்படி ஒரு மத்தியானத்தில் இந்தியக் கடைக்குத் தேங்காய்த் துருவல் வாங்கப் போனேன். ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. கதவுக்குக் கீழே தண்ணீர் கசிந்து ரப்பர் மிதியடி ஊறிப்போய்க் கிடந்தது. குளிரும் ஈர ரப்பர் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்குத் தேங்காய் மறந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம். பின்னால் வண்டியோடு நின்ற பையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எதுவும் எடுக்கப் போறீங்களா, இல்ல சும்மா நிக்கிறீங்களா?" என்று கேட்டான். கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மரவள்ளிக்கிழங்கு.

அது நியூ ஜெர்சி வாடை. மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் குடியிருந்த காலத்தில், ரூட் ஒன்றிலிருந்து உள்ளே திரும்பி, டைல்ஸ் கிடங்கு ஒன்றைத் தாண்டிப் போனால் ஒரு தகரக் கொட்டகை வரும். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் கிடங்கு மாதிரித்தான் இருக்கும். உள்ளேதான் ஐஸ் தரை, அதைச் சுற்றிலும் ஈரத்தில் ஊறிய ரப்பர் விரிப்பு. என் மகள் ஏஞ்சலின் அங்கேதான் ஒரு குளிர்காலம் முழுக்க ஜூனியர் லீக்கில் ஐஸ் ஹாக்கி ஆடினாள். பெண் பிள்ளைகளுக்கான லீக். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் என்று பக்கத்து ஊர்களின் அணிகள் வாராவாரம் மோதிக்கொள்ளும்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஐஸ் ஹாக்கிக்கு எப்படிப் போனாள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவள் வகுப்பில் ஒருத்தியின் பிறந்த நாள் விருந்தை, வகுப்பு முழுவதையும் அழைத்து, அந்தக் கொட்டகையில் வைத்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவோடு போனவள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, முழங்கால் எல்லாம் நீலமாக வீட்டுக்கு வந்து, "ஐ வான்ட் டு ப்ளே ஹாக்கி" என்றாள். என் கணவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே ஹாக்கி மட்டையைத் தொடாத ஆண்பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம். இவரும் கல்லூரி நாட்களில் செம்மண் தரையில் ஓடியவர். கண்ணில் தண்ணீர் வராத குறை. "ரத்தம்ட்டி, ரத்தம்! என் ரத்தம் வேற எப்படி இருக்கும்?" என்று சொல்லி உடனே சம்மதித்துவிட்டார். அமெரிக்காவில் ஹாக்கி என்றால் ஐஸ் மேல் ஆடுவது என்பது முதல் பயிற்சிக்குக் கூட்டிப் போன அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. பந்து இல்லை. தட்டையாக ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மட்டை பிடிக்கிறதே சரியில்லையே" என்றார். பயிற்சியாளர் பாம் என்ற அம்மையாரிடம் போய்க் கோவில்பட்டி முறையில் மட்டையைப் பிடிப்பது எப்படி என்று காட்டவும் செய்தார். பாம் ஆறடி உயரம். மூக்கு எப்போதோ உடைந்து சற்றே வலப்பக்கம் திரும்பியிருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு "இன்ட்ரஸ்டிங்" என்றார். அமெரிக்கர்கள் அந்த வார்த்தையை எதற்குச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சலின் எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள், அதில் பாதியை இங்கே நான்தான் தமிழாக்கிச் சொல்கிறேன். நாங்கள் தமிழில் பேசுவோம். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

அந்த விளையாட்டுப் பை! அவளையே உள்ளே வைத்து மூடிவிடலாம், அவ்வளவு பெரியது. வியர்வையில் ஊறிய கையுறை, தோள்பட்டை, முழங்கால் கவசம் எல்லாம் அதற்குள் கிடந்து, இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்தை ஒரு வாரம் மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டம் முடிந்து அப்படியே வேனில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போவோம். வெள்ளைக்காரர் சபையின் கட்டிடத்தில் அவர்கள் ஆராதனை முடிந்த பிறகு பிற்பகலில் எங்கள் ஆராதனை. ஒரு முறை டெய்சி ஆன்ட்டியை வீட்டில் விடுவதற்காக வேனில் ஏற்றினோம். சபையில் எல்லாருக்கும் மூத்தவர், யார் வீட்டில் என்ன என்று ஆண்டவருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். ஏறி உட்கார்ந்து மூக்கைச் சுருக்கி, "ஊர்லருந்து கருவாடு வந்திருக்கோ? சொல்லவே இல்லையே" என்றார். உரிமையோடு வேறு கேட்டார். இல்லை ஆன்ட்டி, இது ஹாக்கி என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கருவாட்டை ஒளித்துவைக்கிற குடும்பம் என்ற பெயர் எங்களுக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

அந்த லீக்கில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரும் ஆட்ட நாளில் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். அணியின் நிர்வாகம் முழுக்க டெனிஸ் என்ற பெண்ணின் கையில். அவள் மகள்தான் கோல்கீப்பர். ஸ்கோர் எழுதுவது, கடிகாரத்தை ஓட்டுவது, பெனால்ட்டி பாக்ஸ், இந்த மூன்றில் எது வேண்டும் என்று டெனிஸ் கேட்டாள். நான் எடிசனில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அடுத்தவர் தப்பை எழுதி எழுதிக் கை ஓய்ந்தவளுக்கு மறுபடி எழுதும் வேலை வேண்டாம் என்று தோன்றியது. பாக்ஸ் என்றதும் தியேட்டரில் இருக்குமே, மெத்தை நாற்காலியோடு, அந்த மாதிரி மூடிய அறை என்று நினைத்துவிட்டேன். மூடிய அறை என்றால் கதகதப்பாக இருக்கும். "பாக்ஸ்" என்றேன். டெனிஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

பெனால்ட்டி பாக்ஸ் என்பது ஐஸை ஒட்டிய ஒரு கூண்டு. மூன்று பக்கம் கண்ணாடி, மேலே ஒன்றும் கிடையாது. ஒரு பலகை, ஒரு கதவு. ஆட்டத்தில் தப்புச் செய்கிற பிள்ளையை நடுவர் இங்கே அனுப்பிவிடுவார். காலைத் தட்டிவிட்டால் இரண்டு நிமிடம், மோசமாக மோதினால் ஐந்து நிமிடம். அதுவரை அவளுடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவதுதான் என் வேலை. இவ்வளவுதான். இதற்கு ஒரு ஆள் வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் சுடிதாருக்கு மேல் கணவரின் ஜாக்கெட், அதற்கு மேல் என் ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, மடியில் வெந்நீர்ப் பை என்று போய் உட்கார்ந்தேன். கூண்டின் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது ஊட்டிக்குச் சுற்றுலா போய் வழி தவறியவள் மாதிரி இருந்தது.

அன்றைக்கே எங்கள் அணியில் பன்னிரண்டாம் எண் போட்ட பிள்ளை உள்ளே வந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று கூட்டம் "கோ! கோ!" என்று கத்தியது. என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளை பாய்ந்து போனாள், போன வேகத்தில் ஒரு கோலும் போட்டாள். எல்லாரும் குதித்தார்கள், நானும் குதித்தேன். என் சேவையில் முதல் நாளே ஒரு கோல்! அப்புறம் நடுவர் மெதுவாகச் சறுக்கிக்கொண்டு என் கூண்டுக்கு வந்தார். "மேம்" என்றார். அவளுடைய நேரம் இன்னும் முடியவில்லையாம். கோல் செல்லாது. அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோலில் தோற்றோம். பார்வையாளர் வரிசையில் என் கணவர் வேறு பக்கம் திரும்பி யாரோ ஒருவரிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே யாரையும் தெரியாது.

என்னை மாற்றிவிடுவார்கள் என்று நம்பிக்கையோடு இருந்தேன். மாற்றவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரும் வரத் தயாராக இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் பழகியதும் அந்தக் கூண்டில் எனக்கு ஒரு தொழில் கிடைத்தது. உள்ளே வருகிற பிள்ளைகள் யாரும் சும்மா வருவதில்லை. மட்டையைத் தரையில் ஓங்கி அடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு, சில சமயம் அழுதுகொண்டு வருவார்கள். எனக்கு மனசு கேட்காது. மாமியார் கோவில்பட்டியிலிருந்து கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய் வீட்டில் டப்பா டப்பாவாக இருந்தது. ஒரு நாள் கொண்டு போய், அழுத பிள்ளை ஒன்றிடம் நீட்டினேன். முகத்தில் கம்பிக்கூடு மாட்டியிருக்கிற பிள்ளை எப்படித் தின்னும் என்று யோசிக்கவில்லை. அவள் கம்பிக்குள்ளிருந்து என்னை விழிக்க, நான் மிட்டாயைக் கம்பி இடைவெளியில் திணிக்கப் பார்க்க, எங்கிருந்தோ டெனிஸ் ஓடி வந்தாள். "இஸ் தட் பீநட்? இஸ் தட் பீநட்?" அந்த அணியில் மூன்று பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். கூண்டைத் துடைத்தார்கள். என் கைகளையும் துடைத்தார்கள். கோவில்பட்டியின் பெருமையை நான் அமெரிக்காவில் நிலைநாட்டிய விதம் இது. என் கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேர்க்கடலைக்காகவா ஊருக்காகவா என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் பிள்ளைகளுக்கு என் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. "பாக்ஸ் மாம்" என்று பெயர் வைத்தார்கள். வரும்போதே கையுறையால் என் குல்லாவைத் தட்டிவிட்டு உட்காருவார்கள்.

என் மகளைத் தவிர.

ஏஞ்சலினுக்கு அப்போது பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. தேவதை என்று அர்த்தம் வருகிற மாதிரி தேடிப் பிடித்து வைத்த பெயர். எங்கள் அணியில் அதிகமாகப் பெனால்ட்டி வாங்கியவள் அவள்தான். ஒலிபெருக்கியில் "ஏஞ்சலின், ட்ரிப்பிங்" என்று வரும். சற்று நேரம் கழித்து "ஏஞ்சலின், ரஃபிங்" என்று வரும். முதலாவது காலைத் தட்டிவிட்டதற்கு, இரண்டாவது கைகலப்புக்கு. ஞானஸ்நானம் கொடுத்த போதகர் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன். வீட்டில் அவள் பேச்சு "ஃபைன்", "நத்திங்", "ஐ டோன்ட் நோ" இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். காரில் காதில் ஏதாவது மாட்டிக்கொள்வாள். நான் அவள் அறைக்கு வெளியே நின்று கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் துவைத்த துணியை வாசலிலேயே வைத்துவிட்டு வருகிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

முதல் தடவை பாக்ஸுக்கு வந்தபோது பலகையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமலேயே, "ப்ளீஸ், நீங்க இங்க என் அம்மா இல்ல" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாள். சரி என்று நானும் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு யாருடைய அம்மாவாகவாவது இருக்க முயற்சி செய்தேன். நேரம் முடிந்தது. கதவைத் திறந்தேன். போய்விட்டாள்.

அப்படியே நாலைந்து முறை போயிருக்கும். ஒரு சனிக்கிழமை உள்ளே வந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, ஆட்டத்தைப் பார்த்தபடியே, "கெமிஸ்ட்ரில ஃபெயில் ஆயிடுவேன்னு நினைக்கிறேன்" என்று சொன்னாள். வீட்டில் என்றால் ட்யூஷன், இன்டர்நெட், உன் வயதில் நான் என்று தொடங்கியிருப்பேன். அங்கே குளிரில் வாய் சரியாக வராததாலோ என்னவோ, "ஓ" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக நல்ல வார்த்தை அது என்று நினைக்கிறேன். அடுத்த முறை வந்தபோது, நெருங்கிய தோழி ஒருத்தி இப்போது தன்னோடு பேசுவதில்லை என்றாள். அப்புறம் ஒரு நாள், "அப்பா ஏன் இப்பல்லாம் சிரிக்கிறதே இல்ல?" என்று கேட்டாள். எல்லாமே முன்னால் பார்த்தபடி, நானும் முன்னால் பார்த்தபடி. எங்களுக்கு எதிரே ஐஸில் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அணி ஆள் குறைந்து தவித்துக்கொண்டிருக்கும். நான் மட்டும் பாவி, கடிகாரம் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடினால் என்ன என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

பாம் ஒரு நாள் என்னிடம் வந்து, உங்கள் மகள் தேவையில்லாமல் பெனால்ட்டி வாங்குகிறாள், வீட்டில் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றார். பேசுகிறேன் என்று தலையாட்டினேன். பேசவில்லை. பேசினால் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அவள் அப்பா சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி நியூ ஜெர்சி ஆபீஸை மூடிக்கொண்டு எல்லாரையும் இர்விங்குக்கு வரச் சொல்லிவிட்டது. எங்கள் கிரீன் கார்டு அந்தக் கம்பெனியைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. போகாமல் இருக்க முடியாது. ஏஞ்சலினிடம் சீசன் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். "இப்ப சொன்னா ஆட்டம் போயிரும்லா" என்றார் அவர். எனக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. டெய்சி ஆன்ட்டியிடம் மட்டும், ரகசியமாக, ஜெபத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நாலு பேருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் டெய்சி ஆன்ட்டியிடம் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். இருபது பேர் கார்ப்பெட்டில் உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கிறோம். டெய்சி ஆன்ட்டி ஜெபிக்கிறார். வியாதியஸ்தர், விசா இல்லாதவர், பரீட்சை எழுதுகிறவர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, குரலை உயர்த்தி, "ஆண்டவரே, வருகிற மாதம் டெக்ஸாஸுக்குக் குடிபெயர்ந்து போகிற இந்த அன்புக் குடும்பத்தையும், மகள் ஏஞ்சலினையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நான் கண்ணைத் திறந்தேன். ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்தது நான் மட்டும் இல்லை. சோபாவுக்குப் பக்கத்திலிருந்து ஏஞ்சலின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை வேனில் ஏறியதும் காதில் மாட்டிக்கொண்டாள். என் கணவர் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக ஓட்டினார். அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் லீக்கின் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தோற்றால் சீசன் முடிந்தது. எதிர் அணி பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தவர்கள்.

கடைசிப் பகுதியில் நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். அப்போதுதான் ஏஞ்சலின், தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்ணை ஓரப் பலகையோடு சேர்த்து மோதினாள். கொட்டகையே அதிர்ந்தது. அந்தப் பெண் எழுந்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐந்து நிமிடம். எங்கள் அணிப் பெற்றோர் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பாம் ஆட்டத் திட்டம் வரைகிற சின்னப் பலகையைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டார்.

உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினேன். இந்த முறை கோடியில் போய் உட்காரவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முன்னால் பார்த்தபடி சொன்னாள்: "டெய்சி ஆன்ட்டி நோஸ். காட் நோஸ். எவ்ரிபடி நோஸ் பட் மீ."

"சீசன் முடியட்டும்னு பாத்தோம்டா."

"வெல், இட்ஸ் ஆல்மோஸ்ட் ஓவர்" என்று கடிகாரத்தைக் காட்டினாள்.

அப்புறம் கொட்டினாள். தன்னை ஏதோ வீட்டுச் சாமான் மாதிரி நினைத்துப் பேசி முடிக்கிறோமாம். இந்த அணிக்கு வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் யாரும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டது கூடக் கிடையாதாம். அது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. தினமும் நான் கட்டிக் கொடுத்த டப்பாவை அவள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். சொல்லிக்கொண்டே வந்தவள் அழ ஆரம்பித்தாள். கையில் கனத்த கையுறை, முகத்தில் கம்பிக்கூடு. துடைத்துக்கொள்ள வழியில்லை. நான் ஜாக்கெட் பையில் கிடந்த டிஷ்யூவைச் சுருட்டி, கம்பி இடைவெளியில் ஒரு விரலால் உள்ளே தள்ளி, கன்னம் எது மூக்கு எது என்று தெரியாமல் ஒற்றினேன். பாதி டிஷ்யூ கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் ஒதுங்கவில்லை.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். "நாம போகலை. அப்பா போகட்டும். நீ ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நீயும் நானும் இங்கதான்."

அவள் முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள். "அப்பா ஓகே சொல்லிட்டாரா?"

"அப்பாவுக்கு இன்னும் தெரியாது."

கம்பிக்குள்ளே டிஷ்யூத் துணுக்குகளோடு ஒரு முகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "ஸோ நௌ ஹீ இஸ் த லாஸ்ட் டு நோ" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே ஏதோ பெரிய சத்தமாக இருந்தது. நன்றாக ஆடுகிறார்கள் போல என்று நினைத்தேன். சத்தம் இன்னும் பெரிதானது. திரும்பிப் பார்த்தால் எங்கள் அணியின் பெஞ்சு முழுக்க எழுந்து நின்று, மட்டையால் பலகையை அடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கத்துகிறது: "டோர்! டோர்! ஓப்பன் த டோர்!" பாமின் முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. கடிகாரத்தில் அவளுடைய ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

பதறித் திறந்தேன். அவள் குதித்து இறங்கிய அந்த நொடியில், எங்கள் பிள்ளை யாரோ அடித்த வட்டு நேராக அவள் முன்னால் வந்து விழுந்தது. இதை நான் பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: சரியான நேரத்துக்குத் திறந்திருந்தால் அவள் எங்கோ கூட்டத்துக்குள் போயிருப்பாள். நான் தாமதமாகத் திறந்ததால் எதிர் அணி அவளை மறந்தே போயிருந்தது. எல்லாருக்கும் பின்னால், தன்னந்தனியாக நின்றாள், அவளுக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை. பார்வையாளர் வரிசையில் என் கணவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "அடிட்டி! தூக்கி அடி!" என்று கோவில்பட்டி மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். அவள் அடித்தாள். வட்டு கோல் கம்பத்தில் பட்டு, சபை மணி அடித்த மாதிரி "ணங்" என்று ஒலித்து, வெளியே போய்விட்டது.

தோற்றுவிட்டோம். கைகுலுக்கிக்கொள்ள இரண்டு அணிகளும் வரிசையாக நின்றபோது, ஏஞ்சலின் அந்த உயரமான பெண்ணிடம் ஏதோ சொன்னாள், அந்தப் பெண் அவள் தலைக்கவசத்தில் செல்லமாகக் குட்டினாள். டெனிஸ் என் பக்கத்தில் வந்து நின்று, அடுத்த வருடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். பிறகு அவளே, வேண்டாம், வேண்டாம் என்றாள்.

வண்டி நிறுத்துமிடத்தில், அவள் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள், என் கணவரிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து தொடங்கினேன். அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த அழுக்குப் பனிக்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கடைசியில், "எனக்கு ரசம் வைக்கத் தெரியாதேட்டி" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த மாதம் இரண்டு பெட்டியோடும் ஒரு குக்கரோடும் இங்கே இர்விங்கில் ஒரு அபார்ட்மென்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். தினமும் வீடியோவில் ரசத்தைக் காட்டுவார். பார்க்க ரசம் மாதிரி இருக்காது.

இதில் இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். அந்தக் கோடையிலேயே எங்கள் அணி கலைந்துவிட்டது. நாலைந்து பிள்ளைகள் பெரிய கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள், இருவர் வேறு ஊருக்கு. ஆள் சேரவில்லை. ஓர் அணிக்காகக் குடும்பத்தை இரண்டு மாநிலத்தில் பிரித்து வைத்தேன், அந்த அணி தக்காளி பழுக்கிற காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சபையில் இதைக் கேட்டவர்கள் நாகரிகம் கருதி என் முகத்துக்கு எதிரே சிரிக்கவில்லை. நான் ஏஞ்சலினிடம் தயங்கித் தயங்கி, அப்படியென்றால் டெக்ஸாஸ் போய்விடலாமா என்று கேட்டேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "ஸ்கூல் முடியிற வரைக்கும்னு சொன்னீங்க." அணியில் இருந்த பிள்ளைகளில் மூன்று பேர் அவள் பள்ளிக்கூடம்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையில் உட்காருகிறவர்கள்.

இருந்தோம். அவள் கல்லூரிக்குப் போன பிறகு நானும் இங்கே வந்துவிட்டேன். இப்போது அவள் மினசோட்டாவில், பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். ஐஸுக்குப் போவதில்லை, முழங்கால் ஒத்துக்கொள்வதில்லையாம். பாம் எங்கே என்று தெரியவில்லை. டெய்சி ஆன்ட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். வாடை போகாத அந்த வேனை வாங்கிக்கொண்டு போனவர் யார் என்பது கூட இப்போது நினைவில்லை.

டெனிஸ் மட்டும் அவ்வப்போது பேசுவாள். சில மாதங்களுக்கு முன்னால் அழைத்தாள். அந்தக் கொட்டகையை யாரோ வாங்கிச் சாமான் போட்டுவைக்கிற இடமாக்கிவிட்டார்களாம். ஐஸை உருக்கிய அன்று அவள் போய் நின்று பார்த்திருக்கிறாள். நான் நினைத்திருந்தது, அந்தச் சிவப்புக் கோடும் நீலக் கோடும் வட்டங்களும் தரையில் வரைந்தவை, மேலே ஐஸ் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிறது என்று. அப்படி இல்லையாம். எல்லாமே ஐஸுக்குள்ளேயேதான் வரைவார்களாம். உருக்கியபோது கோடெல்லாம் கரைந்து, சிவப்பும் நீலமும் கலந்து, ஊதாத் தண்ணீராக ஓரத்துச் சாக்கடையில் ஓடியதாம். அடியில் வெறும் சிமென்ட் தரை, ஒரு அடையாளமும் இல்லை. "அவ்வளவு சாதாரணமாக இருந்தது" என்று டெனிஸ் சொன்னாள்.

அன்றைக்கே ஏஞ்சலினை அழைத்துச் சொன்னேன். அவள் இப்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அப்பா நடக்கப் போறாரா என்று அவளே ஒவ்வொன்றாகக் கேட்பாள். கூப்பிட்டால் எடுப்பாள். குறையே சொல்ல முடியாது. ஐஸை உருக்கிவிட்டார்கள், கோடெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது என்று சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கலாம், யாருக்கும் ஒன்றும் தோன்றாது. போனில் அப்படி இருக்க முடிவதில்லை.

"அம்மா?" என்றாள் கொஞ்சம் கழித்து. "ஆர் யூ ஸ்டில் தேர்?"

"இருக்கேன்டா" என்றேன்.